வாட்ச்சு நல்லாத்தான் காட்டுது

ஆமாங், அர்த்தநாரிதான் பேசறனுங். திருச்செங்கோட்டு அர்த்தநாரி, போர் வண்டி டிரில்லர். நீங்க யாருங் பேசறது? வாட்ச்சுக் கம்பெனியா? எந்த வாட்ச்சு? கையில கட்டுனா நெஞ்சு துடிக்கறத நம்பருல காட்டுமே, அந்த வாட்ச்சா?

வெச்சிராதீங்க அம்மிணி. ஒரே நிமிசம். இங்க பேசுனா செக்யூரிட்டிக்காரரு வெரட்டுவாரு, படிக்கட்டுக்கு வந்துக்கறேன். ம், இப்பச் சொல்லுங்க. வாட்ச்சுல என்னென்ன மாத்தோணும்னு கேக்கறீங்களா? வாங்குனவிய எல்லாத்துகிட்டயும் கேக்கறீங்களா? மூணு நிமிசம் போதுமா? மூணு நிமிசம் பத்தாதுங்க அம்மிணி. நான் நாலு நாளா ஈரோட்டு ஆஸ்பத்திரியில ஐசியூ வாசல்ல உக்காந்துட்டு இருக்கறேன். உள்ள என்ற சம்சாரம் பாவாயி கெடக்கறா. எங்கிட்டப் பேசறதுக்கு இங்க ஒரு ஆளு இல்ல. மச்சினன் குழந்தைவேலு கடசிப் பெஞ்சுல உக்காந்துட்டு, நான் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறான். நீயாத்தான் கூப்புட்ட. நீன்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்காத. கொரலக் கேட்டா சின்னப் புள்ளயாட்டம் இருக்குது.

முக்கியமானத மொதல்லயே சொல்லிப்போடறேன், எழுதிக்க. கட்டியிருக்கறது யாரு கைன்னு அந்த வாட்ச்சுக்குத் தெரியோணும். புரிஞ்சுதா? யாரு கையின்னு. அது தெரியாம நெஞ்சத் துடிக்குது துடிக்குதுன்னு காட்டி என்னத்துக்கு ஆகும்? உங்க கம்பெனியில இத்தன படிச்சவிய இருக்கறீங்க, இந்த ஒண்ணு ஒருத்தருக்கும் ரோசன வரலியா?

சார்ஜா? அதையும் கேளு. சார்ஜ் ஒரு நாளைக்குத்தான் நிக்குது. ஒரு வாரமாவது நிக்கோணும். வாரு ரப்பரு, வேர்வையில அரிக்குது. பாவாயிக்கு மணிக்கட்டுல செவசெவன்னு தடிச்சுப்போச்சு. எழுத்துப் பூராம் இங்கிலீஷு, அதுவும் எறும்பு சைசுல. அவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, அதுல என்னத்தக் கண்டா? தயிரு கடஞ்சா நடந்தேன்னு கணக்குப் போட்டுக்குது. இதெல்லாம் சின்னச் சின்ன விசயம். இதுக்கெல்லாம் நான் சண்டைக்கு வரமாட்டேன். நான் சொல்ல வந்தது வேற. நீ இரு, நான் மொதல்லருந்து வாறேன்.

எங்களுக்குக் கொழந்த குட்டி இல்ல. அவளுக்கு நான், எனக்கு அவ, அவ்வளவுதான். என்ற பொழப்பு உனக்குத் தெரியாது. எங்கூருல போர் வண்டி எச்சு, தெருவுக்கு நாலு நிக்கும். பொங்கல் முடிஞ்சா வண்டி வடக்க கெளம்பீரும். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு போயி காடுமேடெல்லாம் தண்ணிக்கு ஓட்டை போட்டுட்டு, மழை புடிச்சதுக்கு அப்பறந்தான் ஊடு திரும்புவோம். அரை வருசம் அவ தனியாத்தான் இருப்பா. பக்கத்துத் தறிக்குடோனுல ராசாமணின்னு ஒரு பொம்பள, அங்கயே தங்கித் தறி ஓட்டறவ. எங்கூட்டுக்கும் அந்தத் தறிக்குடோனுக்கும் ஒரே செவுரு. ஏதாச்சும் ஒண்ணுன்னா செவுத்தத் தட்டுனாப் போதும், ராசாமணி ஓடியாருவா.

போன கார்த்திகையில பாவாயி தண்ணிக்கொடத்தோட மயங்கி உழுந்துட்டா. நான் ஊருல இருந்தேன். தூக்கிட்டுப் போயிக் காட்டுனா, நெஞ்சுத் துடிப்பு சில நேரம் தாறுமாறா ஓடுதுன்னாரு டாக்டரு. மாத்தரை குடுத்தாரு, தெனம் சித்த நடக்கச் சொன்னாரு. மாசம் ஒருக்கா வரோணும், துடிப்பு மேல ஒரு கண்ணு வெச்சுக்கோணும்னு சொன்னாரு. நான் பயந்துபோயிட்டேன் அம்மிணி. நான் பாட்டுக்குப் பொங்கலுக்கு அக்கட்டால போயிட்டா இவளுக்கு யாரு? ஒரு கண்ணு வெக்கறதுன்னா எப்படி வெக்கறது? அப்பத்தான் கடையில உங்க வாட்ச்சக் காட்டுனான். அவ கையில கட்டுனா அவ போனு வழியா என்ற போனுக்கு நம்பரு வருமாம். ஆயிரம் மைலு தாண்டி இருந்தாலும் வருமாம். சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு வாங்கிப்போட்டேன்.

அவ வேண்டாம்னா. "ஏனுங் மாமா, இதெல்லாம் நமக்கெதுக்கு"ன்னா. "தாலியக் கழட்டுவியா? அதே மாதிரி இதையும் கழட்டப்படாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் சார்ஜுக்கு மட்டும்"னு சொல்லி என்ற கையாலயே கட்டிவிட்டேன். இதுல என்ன தப்பு? சொல்லு. சம்சாரம் மேல பாசமில்லாதவன் பண்ற காரியமா இது?

அங்க போனதுக்கப்பறம் எனக்கு அந்த நம்பருதான் எல்லாமே. காத்தால எந்திரிச்ச ஒடனே பாப்பேன். வண்டிக்கடியில படுத்துட்டுப் பாப்பேன். சோத்துல கைய வெச்சுட்டே பாப்பேன். எழுவத்திரெண்டு காட்டுச்சுன்னா எனக்குச் சோறு எறங்கும். நூறு காட்டுச்சுன்னா ஒடனே போனு. "என்ன பண்ற புள்ள?" "தண்ணி சேந்தறனுங் மாமா." "சேந்தாத, உக்காரு." ஒண்ணுமே காட்டலீன்னா அதுக்கும் போனு. "ஏங் கழட்டுன?" "மாவு பெசையறனுங், வாருல மாவு ஒட்டுது." "ஒட்டுனா ஒட்டட்டும், கட்டு." கோயிலுக்கு மலையேறுவா, நம்பரு எகிறும். அர்ச்சனை நடக்கறப்பவே கூப்புட்டு உக்காரச் சொல்லியிருக்கறேன். ஒரு நாளைக்கு ஆறு தடவ, எட்டுத் தடவ கூப்புடுவேன். கூட வேல செய்யறவனுக பொண்டாட்டிகிட்ட வாரத்துல ஒருக்காப் பேசறதே பெருசு. என்னாட்டம் எவன் இருக்கறான், சொல்லு பாக்கலாம்?

மாசியில அவ சித்தி செத்துப்போச்சு. பரமத்திப் பக்கம். அவ எழவுக்குப் போயிட்டா. எங்க பக்கம் எழவுன்னா எப்படீன்னு தெரியுமா உனக்கு? போனதும் பொம்பளைக கூட்டமாக் கட்டிப்புடிச்சு அழுவோணும். ஒருத்தி கழுத்த ஒருத்தி கட்டிக்கிட்டு, பாட்டுப்பாடி, மாரடிச்சு அழுவாங்க. இங்க எனக்கு நம்பரு நூத்தி முப்பதுக்குப் போயிருச்சு. கூப்புட்டேன். எடுக்கல. மறுக்காக் கூப்புட்டேன். எடுக்கல. விடாமக் கூப்புட்டுட்டே இருந்தேன். இடுப்புல சொருவியிருந்த போனு அந்த அழுவாச்சிக்கு நடுவுல அலறுது. கடசீல எடுத்தா. "என்ன புள்ள பண்ற, நூத்தி முப்பது காட்டுது?" "அழுவறனுங் மாமா." "அழுவாத. மொதல்ல உக்காரு. தண்ணி குடி." பக்கத்துல யாரோ சிரிச்சாங்க. எழவு ஊட்டுல சிரிப்பு! "பாவாயி புருசன் சத்தீஸ்கருலருந்து அழுவறத நிறுத்தச் சொல்றாராம்"னு ஒருத்தி சொல்றது என்ற காதுலயே உழுந்துச்சு. அதுக்கு மேல அவ அழுவவே இல்லியாம். ஓரமாப் போயி உக்காந்துட்டாளாம். குழந்தைவேலு பின்னாடி சொன்னான். நல்லதுதான, நம்பரு எறங்கீருச்சே. நான் அப்படித்தான் நெனச்சேன்.

அங்கிருந்து வந்ததுக்கு அப்பறந்தான் அவ அந்தக் காரியத்தப் பண்ணியிருக்கறா.

என்ன காரியமா? வாட்ச்சக் கழட்டி ராசாமணி கையில கட்டிவிட்டுட்டா! ஆமா அம்மிணி. போனு பாவாயி ஊட்டுச் செவுத்து மாடத்துல இருக்கும். வாட்ச்சு செவுத்துக்கு அந்தப்பக்கம் ராசாமணி கையில தறி ஓட்டிட்டு இருக்கும். சாயங்காலம் ராசாமணி கொண்டாந்து சார்ஜுக்குப் போடுவா, மறுக்காக் கட்டிக்குவா. படுக்கறப்பவும் அவ கையிலதான். மூணு மாசம். நான் மூணு மாசம் ராசாமணியோட நெஞ்ச எண்ணிட்டு இருந்திருக்கறேன். என்ன கெரகம் இது! யாருகிட்டச் சொல்றது இத?

எனக்கெப்படித் தெரியும்? நம்பரு அவ்வளவு நல்லா வந்துச்சு. படுத்தா அறுவத்தஞ்சு, எந்திரிச்சா எழுவத்திரெண்டு, நடந்தா தொண்ணூறு. தறிக்காரி பாரு, நாளு பூராம் நாலு தறிக்கு நடுவுல இக்கட்டயும் அக்கட்டயும் நடக்கறவ. நடந்த கணக்கு எகிறுது. எனக்குத் தல கால் புரியல. டாக்டரு நடக்கச் சொன்னாரு, எம் பொண்டாட்டி நடக்கறாய்யா, குதிரையாட்டம் இருக்கறாய்யான்னு வண்டியில எல்லாத்துக்கும் போனத் தூக்கித் தூக்கிக் காட்டுனேன். ஒரு நாளு எல்லாத்துக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். ராசாமணி நடந்ததுக்கு நான் ஜிலேபி வாங்கிக் குடுத்திருக்கறேன். சிரிக்கறியா? சிரிச்சுக்க, பரவால்ல. எனக்கே சிரிப்பாத்தான் வருது. ஆனா அழுவாச்சியும் கூடவே வந்துருது.

நம்பரு நல்லா வந்ததும் பாவாயிக்குப் போனு பண்றதையும் கொறச்சுட்டேன். என்னத்துக்கு அவளத் தொந்தரவு பண்றதுன்னு. நாளைக்கு ஒருக்கா, சில நாளு அதுவுமில்ல. மாசாமாசம் டாக்டருகிட்டப் போறதையும் நாந்தான் வேண்டாம்னேன். "அவரு என்னத்தப் பாக்கறாரு? நாடியத்தான? அத நான் இங்கிருந்தே பாக்கறேன். பஸ்ஸுல போயி இடிபட்டு ஒடம்பக் கெடுத்துக்காத"ன்னேன். சரீன்னுட்டா. அவ எதுக்குமே சரீன்னுருவா. மறுத்துப் பேசத் தெரியாது. அது அவளோட நல்ல கொணம்.

சித்திரையில ஒரு நாளு சொன்னா, "மாமா, காலு வீங்குது"ன்னு. "நடக்கறயில்ல, அதான். ராத்திரிக்கு எண்ண போட்டுக்க"ன்னேன். இன்னொரு நாளு, "படுத்தா இருமலா வருது"ன்னா. வாட்ச்சப் பாத்தேன், எழுவது. "பனி ஒத்துக்கல, மொளகுரசம் வெய்யி"ன்னேன். சித்திரையில என்ன பனி? ஆனா வாயில அதுதான் வந்துச்சு. நம்பரு நல்லாக் காட்டறப்ப மனசுல பயம் வர மாட்டேங்குது அம்மிணி. அதான் கேடு.

அப்பறம் வைகாசியில ஒரு மத்தியானம். எனக்கு அன்னைக்கு ஒரே கடுப்பு. போருக்குள்ள ராடு எறங்கிட்டு இருக்குது, கம்ப்ரசர் பாக்கறவன் கேஜப் பாத்துட்டு, "முள்ளு சரியாத்தாண்ணா நிக்குது, ஓட்டலாம்"ங்கறான். எனக்குச் சத்தம் மாறுனது தெரியுது. உள்ள மண்ணு சரியுது. இன்னுஞ் சித்த உட்டா ராடு மாட்டிக்கும். புடிச்சுத் திட்டுனேன், "முள்ள என்னடா பாக்கற, காது எங்கடா போச்சு, அது கத்தறது கேக்கல?"ன்னு. முப்பது வருசம் அம்மிணி. எங்கிட்ட எந்தக் கேஜும் வேலைக்காகாது. சத்தத்துலயே சொல்லிப்போடுவேன். ராடத் தூக்கச் சொல்லிட்டு வேர்வையத் தொடைக்கறேன், அந்நேரம் பாவாயி கூப்புடறா. அவளாக் கூப்புடவே மாட்டா. "மாமா, மூச்சு வாங்குது. எந்திரிக்க முடியல. படுத்திருக்கறேன்"ங்கறா.

போனத் தொறந்து பாத்தேன். தொண்ணூத்திரெண்டு. நடந்த கணக்கு ஏறிட்டே இருக்குது. நடக்கறா!

"ஏம் புள்ள, எங்கிட்டயே பொய்யா? படுத்திருக்கறேங்கற, இங்க நடந்துட்டு இருக்கறயே?"

மூச்சுத்தான் கேக்குது.

"எங்க நடக்கற? யாரு ஊட்டுக்குப் போற?"

"இல்லீங் மாமா. படுத்துத்தான் இருக்கறேன்."

"அப்ப வாட்ச்சு பொய் சொல்லுதா?"

அப்பறம் மெதுவா, "இல்லீங் மாமா. வாட்ச்சு சரியாத்தான் சொல்லும். நாந்தான் நடந்தேன்"னா.

அவளே ஒத்துக்கிட்டா அம்மிணி! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! இதுக்கு மேல நான் என்ன பண்றது? "நடக்கறவளுக்கு மூச்சு வாங்காம என்ன பண்ணும், போயி உக்காரு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அன்னைக்கு ஒரு வார்த்த, "மாமா, வாட்ச்சு எங்கையில இல்ல"ன்னு சொல்லியிருந்தா? நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ஆமா, நல்லாக் கத்தியிருப்பேன். கத்தீட்டு அடுத்த வண்டி புடிச்சு வந்திருப்பேன். அந்தக் கத்தலுக்கா பயந்துக்கறது?

சொல்லு, நீ கேக்க வேண்டியது ஏதாச்சும் விட்டுப்போச்சா? இல்லியா? சரி, கேட்டுக்க.

அதுக்கப்பறம் அவ ஒடம்பப் பத்தி ஒண்ணுமே சொல்லல. கேட்டா, "நல்லா இருக்கறனுங் மாமா"ம்பா. வாட்ச்சும் நல்லா இருக்கறான்னு காட்டும். ரெண்டும் ஒத்துப்போச்சு. நான் நிம்மதியா இருந்தேன்.

போன வாரம் பொழுது சாயற நேரம். டீ குடிச்சுட்டுப் போனத்தான் பாத்துட்டு இருக்கறேன். தொண்ணூத்தஞ்சு, நடக்கறா. அக்காளப் பாக்க ஊட்டுக்குப் போயிருந்த குழந்தைவேலு கூப்புடறான். "மாமா, அக்கா உழுந்துட்டா. வாயில நொரையா வருது. மூச்சே இல்லாத மாதிரி கெடக்கறா"ங்கறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ன மாப்ள ஒளர்ற? குடிச்சிருக்கறயா? வாட்ச்சு நல்லாத்தான் காட்டுது. உங்கக்கா நடந்துட்டு இருக்கறா"ன்னேன். அவன் கத்தறான். நான் போனப் பாக்கறேன். தொண்ணூத்தஞ்சு நூத்திப் பத்தாச்சு. நூத்தி நாப்பதாச்சு. "மாப்ள, ஓடறா மாப்ள! உங்கக்கா ஓடறா!"ன்னு நானும் கத்தறேன். நம்ம ஆளு ஓடறா, அவளுக்கு ஒண்ணுமில்லேன்னு எனக்கு அப்படியொரு சந்தோசம். அவன் போனத் தூக்கிப் போட்டுட்டான்.

ஓடுனது ராசாமணி. சத்தங் கேட்டுத் தறிய நிறுத்தாமக்கூட ஓடியாந்திருக்கறா. அவதான் தூக்கி வண்டியில ஏத்துனது. பாவாயி போனையும் எடுத்துட்டு இங்க வந்துட்டா.

ராத்திரி குழந்தைவேலு மறுக்காக் கூப்புட்டு, ஈரோட்டுல ஐசியூவுல போட்டிருக்குதுன்னான், கெளம்பீட்டேன். அங்கிருந்து ரயில் புடிச்சு வந்து சேர எத்தன நேரமாகும்? வழி பூராம் அந்த நம்பரத்தான் புடிச்சுட்டு வந்தேன். எண்பது. எழுவத்தெட்டு. எழுவத்தாறு. பக்கத்துல உக்காந்திருந்தவன்கிட்டக் காட்டுனேன், "ஐசியூவுல இருக்கறா, ஆனாப் பாருங்க, நல்லாத் துடிக்குது"ன்னு. டாக்டருக வாட்ச்சக்கூடக் கழட்டாம வெச்சிருக்கறாங்களே, எவ்வளவு நல்ல மனுசங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த நம்பரு மட்டும் இல்லேன்னா வழியிலயே குதிச்சிருப்பேன். அம்மிணி, நான் அந்த நம்பரக் கும்புட்டுட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி கேட்டுல ராசாமணி நிக்கறா. அழுது அழுது மொகம் வீங்கியிருக்குது. "அண்ணா"ன்னு கையெடுத்துக் கும்புட்டா. கும்புட்ட கையில வாட்ச்சு.

எனக்கு என்ன ஏதுன்னே புரியல. வாட்ச்சப் பாக்கறேன், போனப் பாக்கறேன். நூத்தி இருவது. அவளுக்குப் பயத்துல துடிக்குது, என்ற போனுல காட்டுது. "எங்கிருந்துடி எடுத்த"ன்னு கேட்டேன். அப்பறந்தான் எல்லாத்தையும் சொன்னா. "கழட்டிப்போடலாம்னுதான் பாத்தேண்ணா. கழட்டுனா உங்களுக்கு ஒண்ணுங் காட்டாதே, ரயிலுல தனியா வாரீங்களே, அக்கா போயிருச்சுன்னு நெனச்சுப்போட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு கட்டிட்டே இருந்தேன்"னா. கத்துனேன். என்னென்னமோ கத்துனேன். சனமெல்லாங் கூடிப்போச்சு. வாட்ச்சப் புடுங்கி ரோட்டுல எறிஞ்சேன். ஒரு கீறலு இல்ல அம்மிணி. அதை மட்டும் நல்லாப் பண்ணி வெச்சிருக்கறீங்க.

டாக்டரு சொல்றாரு, நெஞ்சுல தண்ணி கோத்துருக்குது, நுரையீரலு பூராம் எறங்கீருச்சு, வந்து ரெண்டு மாசமாவது இருக்கும். காலு வீங்குனப்பவே கூட்டியாந்திருந்தா மாத்தரையிலயே எறக்கியிருக்கலாம்னு. கேட்டயா? இதுக்குத்தான் சொல்றேன், யாரு கைன்னு வாட்ச்சுக்குத் தெரியோணும்னு. தெரிஞ்சிருந்தா என்ற பாவாயி இன்னைக்கு ஊட்டுல இருந்திருப்பா. குழந்தைவேலு என்ன கேக்கறான் தெரியுமா? "எங்கக்காவக் கேட்டயா, வாட்ச்சக் கேட்டயா?"ன்னு கேக்கறான், இத்தன பேரு முன்னாடி. என்ன பேச்சு இது? நான் கேக்காத நாளு உண்டா? அவளக் கேக்கறதுக்குத்தான வாட்ச்சே வாங்கிக் குடுத்தேன்?

இரு, வெச்சுராத. கடசியா ஒண்ணே ஒண்ணு. இன்னைக்குக் காத்தால நடந்தது.

ஏழு மணிக்கு நர்ஸம்மா வந்து, "முழிச்சிருக்காங்க, அஞ்சு நிமிசம் பாத்துட்டு வாங்க"ன்னாங்க. செருப்ப வெளியில விட்டுட்டு, பச்ச அங்கி போட்டுட்டு ஓடுனேன். மூக்கையும் வாயையும் சேத்து ஒரு மூடி போட்டிருக்குது. கண்ணு தொறந்திருக்குது. என்னப் பாத்தா. தல மாட்டுக்கு மேல பெரிய மிசினு. அதுல பச்சக் கோடு ஓடுது, பக்கத்துல நம்பரு, நம்ம வாட்ச்சுல இருக்கறதாட்டமே, ஆனாக் கையகலம். நான் மொதல்ல அந்த வயரத்தான் பாத்தேன். எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு வெரலு வெச்சுப் பாத்தேன். அவ நெஞ்சுலருந்துதான் போகுது. வேற ஆருதும் இல்ல. இது நெசமாவே என்ற பாவாயியோடது. மூணு மாசங் கழிச்சு இப்பத்தான் அவ நெஞ்சப் பாக்கறேன். நூத்திப் பதினெட்டு காட்டுச்சு. நான் பாக்கப் பாக்க நூத்திப் பதினாறு. நூத்திப் பதினஞ்சு. எறங்குது! அப்படியே நின்னேன். கண்ண எடுக்கல.

அவ கைய அசைச்சா. அந்த மூடியப் புடிச்சுக் கீழ நவுத்துனா. என்னமோ சொன்னா. மூணு வார்த்தையோ நாலு வார்த்தையோ. நம்பரு பொக்குனு நூத்தி இருவத்தஞ்சு போயிருச்சு. நான் மிசினப் பாத்துட்டே, "பேசாத புள்ள, பேசுனா ஏறுது பாரு"ன்னு சொல்லி மூடிய எடுத்து மறுக்கா வாயில வெச்சுட்டேன். என்ற கையாலயே வெச்சேன். அதுக்கப்பறம் அவ பேசல. நம்பரு எறங்கீருச்சு. நர்ஸம்மா போதும்னாங்க, வந்துட்டேன்.

பதினோரு மணிக்கு மூச்சுத் தாங்கலேன்னு தொண்டையில கொழாய் போட்டுட்டாங்க. தூங்க வெச்சிருக்கறாங்க. எப்பக் கொழாய எடுப்பீங்கன்னு கேட்டா டாக்டரு தோளத் தட்டிட்டுப் போறாரு. இனி அவ பேசுவாளா, பேச மாட்டாளான்னு ஒருத்தருக்கும் தெரியலியாம். நம்பரு எண்பத்தெட்டாம். நல்ல நம்பருதானாம்.

நர்ஸம்மாகிட்டக் கேட்டேன், அவிய அந்தப்பக்கம் மருந்து ஏத்திட்டு இருந்தாங்களாம், கேக்கலியாம். பக்கத்துக் கட்டில்ல ஒரு கெழவரு, அவருக்கு நெனவில்ல. நான் ஒருத்தந்தான் இருந்தேன். மொனகுன மாதிரி இருந்துச்சு. மாமான்னு ஆரம்பிச்சான்னு நெனைக்கறேன். அதுவும் நிச்சயமில்ல. காத்தாலருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், அந்த நம்பருதான் கண்ணுல நிக்குது, நூத்தி இருவத்தஞ்சு, நூத்தி இருவத்தஞ்சுன்னு, அவ வாயி வர மாட்டேங்குது.

நீயும் ஒரு பொம்பளதான அம்மிணி. உனக்குத் தெரியும். அந்தக் கட்டில்ல படுத்துட்டு, மூச்சு முட்டறப்ப, மூடிய நவுத்திப்போட்டு, ஒருத்தி புருசன்கிட்ட என்ன சொல்லியிருப்பா? நீ சொல்லு. நான் போன வெச்சுக்கிட்டு இருக்கறேன். நீ மெதுவா ரோசன பண்ணிச் சொல்லு.